நாலரை மணிக்குத் தோற்கிற அணி

2021 ஆகஸ்டில் ஒரு நாள், காலை ஒன்பதரை மணி மீட்டிங்கில், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன் மேல் வள்ளென்று விழுந்தேன். அவன் செய்த தப்பு ஒன்றும் பெரிதில்லை. ஒரு ஃபைலைப் பழைய பெயரிலேயே சேமித்து வைத்திருந்தான், அவ்வளவுதான். மீட்டிங் முடிந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் அது. அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்து, "என்னம்மா, இன்னிக்கும் தோத்துட்டானுங்களா?" என்றார்.

தோற்றிருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரமாகத் தினமும் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனுக்கு நான் பேஸ்பால் பார்ப்பேன் என்பதே தெரியாது. பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ பந்தைச் சரியாக அடிக்காததற்கு, பெங்களூரில் அவன் திட்டு வாங்கினான்.

அந்த அணி அமெரிக்காவின் பால்டிமோர் ஓரியோல்ஸ். பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். 2018-இல் அலுவலக வேலையாக ஏழு மாதம் பால்டிமோரில் இருந்தேன். வாடிக்கையாளர் தரப்பில் எங்களோடு வேலை பார்த்த ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், ஒரு மாலை எங்கள் நாலு பேரையும் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனார். செங்கல் நிறத்தில் ஒரு நீளமான பழைய கிடங்குக் கட்டடம், அதன் காலடியில் பச்சைப் பசேலென்று மைதானம். டிக்கெட் ரொம்ப மலிவு. ஏன் மலிவு என்பது இரண்டாவது இன்னிங்ஸில் புரிந்தது (பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). அந்த வருஷம் அவர்கள் 47 ஆட்டம் ஜெயித்து 115 ஆட்டம் தோற்றார்கள்.

அந்த அம்மா மடியில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். ஒன்பது ரன் பின்தங்கியபோதும் பென்சில் நிற்கவில்லை. "இதெல்லாம் ஒண்ணுமே இல்லை, 1988-ஐப் பார்த்திருக்கணும்" என்றார். அந்த வருஷம் ஓரியோல்ஸ் சீசனைத் தொடங்கியதே 21 தொடர் தோல்வியோடு. ஆறு தோல்வியிலேயே பயிற்சியாளரைத் தூக்கிவிட்டார்கள். அவர், அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த நட்சத்திர வீரர் கால் ரிப்கனின் அப்பா. ஒரு வெற்றி, 23 தோல்வி என்ற நிலையில் அணி ஊர் திரும்பியபோது, மே 2-ஆம் தேதி மைதானத்துக்கு ஐம்பதாயிரம் பேர் வந்தார்களாம். அந்த அம்மாவும் போயிருக்கிறார். எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும் என்றார்.

அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஊருக்குத் திரும்பியும் விடவில்லை. பால்டிமோரில் இரவு ஏழு ஐந்துக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை நாலு முப்பத்தைந்து. பிள்ளைக்கு டிபன் கட்ட எப்படியும் எழ வேண்டிய நேரம். போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்துவிட்டு, ரேடியோ வர்ணனையை ஓடவிட்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பேஸ்பாலுக்கு ரேடியோதான் சரி. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு டிகாக்ஷன் இறக்கிவிடலாம்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம் மனசுக்கு இந்த விளையாட்டின் அளவு பிடிபட நாளாகும். எனக்கு மூன்று வருஷம் ஆனது. ஐபிஎல்லில் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம். பேஸ்பாலில் 162. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய தினமும். வகுத்துப் பாருங்கள், நம் ஒரு ஐபிஎல் ஆட்டம் அவர்களுடைய பதினொன்றரை ஆட்டத்துக்குச் சமம். அப்படியென்றால் பதினொரு ஆட்டம் தொடர்ந்து தோற்பது, சிஎஸ்கே ஒரு ஆட்டத்தில் தோற்ற மாதிரிதான். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "சிஎஸ்கே ஒண்ணு தோத்தாலே எனக்குச் சோறு இறங்காது" என்பார். அவர் சேலத்துக்காரர். 2025-இல் சென்னை 14-இல் நாலே நாலு ஜெயித்து முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனபோது மனுஷன் பட்ட பாடு தனிக்கதை.

விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வகுத்தல் எனக்கு உதவியது. 2017-இல் லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் ஒரு கட்டத்தில் 17 ஆட்டத்தில் 16 தோற்றார்கள். அதில் 11 தொடர் தோல்வி. அதே அணி அந்த வருஷம் 104 ஆட்டம் ஜெயித்து, கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போனது. இவ்வளவு ஜெயித்த அணியும் 58 முறை தோற்றிருக்கிறது பாருங்கள். பேஸ்பாலில் ரொம்ப நல்ல அணியின் ரசிகைகூட வருஷத்தில் ஐம்பது அறுபது நாள் தோல்வியோடுதான் காபி குடித்தாக வேண்டும். மோசமான அணி என்றால் நூறு நாள். தோல்வி தினசரி வரும் பால்காரர் மாதிரி. இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது.

அந்த மீட்டிங் நடந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்தேன். மகன் அப்போது ஏழாவது படித்தான். அவனை உட்கார வைத்து ஒரு ரூபாய் நாணயத்தை 162 தடவை சுண்டச் சொன்னேன். தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. அவன் முனகிக்கொண்டே சுண்டினான், நான் குறித்தேன். ஒரு கட்டத்தில் தொடர்ந்து ஏழு பூ விழுந்தது. "காசு கெட்டுப்போச்சா?" என்றான். காசு அப்படியேதான் இருந்தது. பாதிக்குப் பாதி ஜெயிக்கிற ஒரு சுமாரான அணிக்கு, யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே, சீசனில் எங்கோ ஓரிடத்தில் ஆறேழு தோல்வி வரிசையாக வந்து நிற்கும். அந்த வாரம் டிவியில் பேசுகிறவர்கள் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள்.

ஆனால் என் அணி பாதிக்குப் பாதி ஜெயிக்கிற அணி இல்லையே. மூன்றில் ஒன்று ஜெயிக்கிற அணி. அதனால் லூடோ கட்டையை எடுத்தோம். ஒன்று, இரண்டு விழுந்தால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி. இப்போது நீளமான தோல்வி வரிசை பதினொன்று வந்தது. மகன் பாதியில் எழுந்து ஓடிவிட்டதால் கடைசி ஐம்பது தடவையை அப்பாதான் உருட்டினார்.

இதிலிருந்து எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது, இரண்டும் எதிரெதிர். ஒன்று, நீளமான தோல்வி வரிசையில் பாதிக்கு மேல் அதிர்ஷ்டம்தான், அதற்காக மனம் ஒடிய வேண்டியதில்லை. இன்னொன்று, அதிர்ஷ்டத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் முடியாது. அந்த ஆகஸ்டில் ஓரியோல்ஸ் தோற்றது கடைசியில் 19 தொடர் ஆட்டங்கள். மே மாதத்தில் ஏற்கெனவே ஒரு 14. அது கட்டையின் குற்றமில்லை. அணி நிஜமாகவே மோசம்.

எவ்வளவு மோசம் என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பில் ஜேம்ஸ் என்பவர் கண்டுபிடித்தது, பேஸ்பால் கணக்குப் பிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். அணி எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். வருவது, அந்த அணி நியாயமாக ஜெயித்திருக்க வேண்டிய பங்கு. அப்பா ஹெச்.ஏ.எல்.-இல் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர், கணக்கு என்றால் விடமாட்டார். சீசன் முடிந்ததும் பேப்பர் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். 2021-இல் ஓரியோல்ஸ் எடுத்தது சுமார் 660 ரன், கொடுத்தது 950-க்கும் மேல். விடை மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவு, அதாவது 52 வெற்றி. அவர்கள் ஜெயித்ததும் 52. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "துல்லியமா மோசமா ஆடியிருக்கானுங்க" என்றார். மனசில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சதி செய்யவில்லை. இருந்த சரக்குக்குக் கிடைத்த விலை அதுதான்.

உங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வெற்றி தோல்விப் பட்டியலை அல்ல, இந்த ரன் கணக்கை. எடுத்ததும் கொடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நாலு வாரம் பொறுக்கலாம். முந்நூறு ரன் இடைவெளி என்றால் நாலு வருஷம் பொறுக்கத் தயாராக வேண்டும்.

அப்பா எப்படி இதற்குள் வந்தார் என்று சொல்லவில்லையே. 2021 ஏப்ரல், மே பெங்களூரில் எப்படி இருந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அம்மா அந்த மே மாதம் போய்விட்டாள். அதற்கப்புறம் அப்பாவுக்குத் தூக்கம் நாலு மணியோடு கலைந்துவிடும். எழுந்து வந்து சமையலறை ஸ்டூலில் உட்காருவார். நானும் பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். போனில் பால்டிமோர்க்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். பத்து நாள் கழித்து, "இந்த ஆளு ஏன் பந்தைத் தொடாமலே முதல் பேஸுக்குப் போறான்?" என்று கேட்டார். நாலு பந்து வெளியே போட்டால் நடந்து போகலாம் என்றேன். "வைடு மாதிரி" என்றார். "மாதிரி" என்றேன். அன்றிலிருந்து அவரும் ஓரியோல்ஸ்.

தோற்கிற அணியைப் பார்ப்பதில் அப்பாவுக்கு என்னைவிட அனுபவம் அதிகம். அவருக்கு முதல் காதல் ரஞ்சியில் தமிழ்நாடு. பெங்களூரிலேயே வாழ்ந்து, கர்நாடகா வரிசையாகக் கோப்பை வாங்குவதைப் பார்த்துக்கொண்டே, 1987-88-க்குப் பிறகு ஒரு முறைகூட ஜெயிக்காத அணியின் ஸ்கோரைக் குளிர்காலம் தோறும் தேடிப் படிக்கிறவர். 2015-இல் மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கருண் நாயர் மட்டும் 328 அடித்தார், தமிழ்நாடு இன்னிங்ஸ் தோல்வி. அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக் கன்னடக்காரர் மைசூர்பாகு கொண்டு வந்து கொடுத்தார். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார். "நல்லா இருக்கு, நெய் ஜாஸ்தி" என்றார். நான் அவரிடம் கற்றுக்கொள்ள நினைப்பது அந்த இரண்டாவது துண்டைத்தான்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அணி எப்படிப் போனாலும் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வார். அந்த வருஷம் அவர் பிடித்தது செட்ரிக் மல்லின்ஸ். 110 தோல்வி கண்ட அணியில் இருந்துகொண்டு அந்த ஆள் 30 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்து, 30 பேஸையும் திருடினார் (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஓரியோல்ஸ் வரலாற்றில் ஒரே சீசனில் அதுவரை யாரும் இரண்டையும் சேர்த்துச் செய்ததில்லை. ட்ரே மான்சினி இருந்தார், பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2020 முழுக்க ஆடாமல், 2021-இல் திரும்பி வந்தவர். ஜான் மீன்ஸ் இருந்தார். முந்தைய வருஷம் அப்பாவைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். மே 5-ஆம் தேதி சியாட்டிலில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸைச் சேர்வது) கொடுக்காமல் முழு ஆட்டமும் வீசி முடித்தார். அந்த மே மாதத்தில் எனக்கு நினைவிருக்கிற ஒரே நல்ல செய்தி அதுதான். அணி தோற்கும்போது அணியை மட்டும் பார்த்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. ஒரு ஆளைப் பார்த்தால் தினமும் ஏதாவது இருக்கும்.

அந்த 19 தொடர் தோல்வியும் ஒருநாள் முடிந்தது. ஆகஸ்ட் 26, நமக்கு வியாழக்கிழமை விடிகாலை. எதிரே ஏஞ்சல்ஸ் அணி, பந்து வீசியது ஷோஹேய் ஓட்டானி. அந்த வருஷம் உலகமே பேசிய ஆள். இருபதாவது தோல்வி நிச்சயம் என்றுதான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். 10-6 என்று ஜெயித்தார்கள். அப்பா கைதட்டவெல்லாம் இல்லை. "இன்னிக்கு மீட்டிங்ல அந்தப் பையன் பொழச்சான்" என்றார். அதற்கு முந்தின வாரமே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், காரணத்தைச் சொல்லாமல்.

அதற்குப் பின் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். வேலை நாளில் ஆறாவது இன்னிங்ஸ் முடியும்போது அணி பின்தங்கியிருந்தால் அணைத்துவிடுவது. படுக்கையில் கிடந்தபடி ஸ்கோர் பார்ப்பதில்லை, எழுந்து பல் தேய்த்த பிறகுதான். தோற்ற அன்று ரசிகர் வாட்ஸ்அப் குழுவைத் திறப்பதில்லை. அங்கே எல்லோரும் எல்லோரையும் நீக்கச் சொல்வார்கள், படித்தால் நமக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும். இதெல்லாம் சின்ன விஷயம்தான். பெரிதாக வேலை செய்தது வேறு ஒன்று.

2022 மார்ச்சில், சீசன் தொடங்கும் முன், தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் மூன்று வரி எழுதி அஞ்சறைப்பெட்டி வைக்கும் அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டினேன். இந்த வருஷம் எனக்கு என்ன வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிவிடுவது. "ரட்ச்மேன் வரட்டும். 65 ஜெயிக்கட்டும். பத்துக்கு மேல் தொடர்ந்து தோற்காமல் இருக்கட்டும்." ஆட்லி ரட்ச்மேன் 2019-இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வான இளம் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி), கீழ்நிலை அணிகளில் பதம் ஆகிக்கொண்டிருந்தார். மோசமாகத் தோற்கிற அணிக்கு அங்கே ஒரு ஆறுதல் உண்டு. அடுத்த தலைமுறை ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்வரிசையில் இடம் கிடைக்கும். அதுவும் இப்போது அப்படியே கிடைப்பதில்லை, குலுக்கல் வந்துவிட்டது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்று நவீன காலத்து மோசமான சாதனையைப் படைத்தது. விதிப்படி குலுக்கலிலேயே சேர முடியாமல் அடுத்த தேர்வில் பத்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. தோற்றதும் போச்சு, தோற்றதன் பலனும் போச்சு.

2022-இல் என் தாளில் இருந்த மூன்றும் நடந்தன. ரட்ச்மேன் மே 21-இல் வந்தார். அணி 83 ஜெயித்தது, ஜூலையில் பத்து தொடர் வெற்றி. நடுவில் ஒரு அடியும் விழுந்தது. பிளேஆஃப் வாய்ப்பு எட்டும் தூரத்தில் இருந்தபோதே மான்சினியை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். வருத்தமாக இருந்தது. ஆனால் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன், "பிளேஆஃப்" என்று நான் எங்குமே எழுதவில்லை. நடுவில் வளர்ந்த ஆசை அது. அதற்கு மார்ச் மாத நான் பொறுப்பில்லை. (மான்சினி அந்த வருஷமே ஹூஸ்டனோடு உலகத் தொடர் ஜெயித்தார். அப்பாவுக்கு அதில் பரம திருப்தி.)

2023 தாளில், "பாதிக்கு மேல் ஜெயித்தால் போதும்." ஜெயித்தது 101. அந்த சீசன் முழுக்க ஒரு தொடரில்கூட எல்லா ஆட்டத்தையும் தோற்கவில்லை. பிளேஆஃபில் டெக்சாஸ் வந்தது, மூன்றுக்கு மூன்று தோற்று வெளியேறினார்கள். நான் அழவில்லை. எதிர்பார்த்ததற்கு மேல் இருபது வெற்றி கையில் இருந்ததே.

தப்பு எங்கே நடந்தது என்றால், 2024 தாளில். அதில் ஒரே வரிதான். "உலகத் தொடர்."

அணி 91 ஜெயித்தது. பிளேஆஃபின் முதல் சுற்றில் கான்சாஸ் சிட்டியிடம் இரண்டு ஆட்டத்தில் வெளியேறியது. 91 வெற்றி என்பது 2021-ஐ விட 39 அதிகம். ஆனால் அந்த அக்டோபரில் நான் பட்ட எரிச்சல், 110 தோற்ற வருஷத்தில்கூட இல்லை. 2025 தாளிலும் பிடிவாதமாக அதையே எழுதினேன். வங்கியில் போட்ட டெபாசிட் மாதிரி நினைத்துவிட்டேன். 52, 83, 101 என்று வளர்ந்தது, இடையில் கொஞ்சம் குறைந்தால் என்ன, முதிர்வு வந்தே தீரும் என்று. முதல் 43 ஆட்டத்தில் 28 தோல்வி. மே 17-ஆம் தேதி, இரண்டு வருஷம் முன்பு சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய பிராண்டன் ஹைடை நீக்கினார்கள். முக்கியமான பிட்சர் கார்பின் பர்ன்ஸ் வேறு அணிக்குப் போயிருந்தார். அடுத்து நம்பியிருந்த கிரேசன் ராட்ரிகஸ் காயத்தால் அந்த சீசனில் ஒரு பந்துகூட வீசவில்லை. முடிவில் 75 வெற்றி, 87 தோல்வி.

வீட்டிலும் அதே நேரம் வேறு கூத்து. ஜூன் 3-ஆம் தேதி ஆர்சிபி 18-வது சீசனில் ஒருவழியாகக் கோப்பை வாங்கியது. மகன் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு அவன் அந்தக் கோப்பையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள் அப்பா பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். 2023 சீசன் முடிந்ததும் அவர் போட்டுவைத்த கணக்கு. எடுத்தது 807 ரன், கொடுத்தது 678. பில் ஜேம்ஸ் கணக்குப்படி வர வேண்டியது சுமார் 95 வெற்றி. வந்தது 101. "ஆறு ஆட்டம் ஓசியில வந்தது. அப்பவே சொன்னேன், நீ கேக்கல" என்றார். சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பார். தோற்கும்போது கணக்குப் பார்த்த நான், ஜெயிக்கும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். தோற்கிற காலத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது சுலபம், வேறு வழியில்லாமல் தானாகக் குறையும். எனக்கு வராமல் போனது, ஜெயிக்கிற காலத்தில் அதைக் கையில் பிடித்து வைத்திருப்பது. 2021-இன் 52 வெற்றியைவிட 2025-இன் 75 ஏன் அதிகமாக வலித்தது என்பதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

அன்றே அலமாரிக் கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சீசன் நடுவில் மாற்றுவது விதிமீறல்தான், ஆனால் விதி என்னுடையதுதானே. "ஹாலிடே நன்றாக ஆடட்டும். செப்டம்பர் வரைக்கும் கேட்போம்." ஜாக்சன் ஹாலிடே 2022-இல் முதல் ஆளாகத் தேர்வான பையன், அப்போது இருபத்தொரு வயது. ஆறாவது இன்னிங்ஸ் கட்டுப்பாட்டையும் திரும்பக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை விடுமுறை நாளுக்கும் சேர்த்து.

செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. பால்டிமோரில் சனிக்கிழமை இரவு. கால் ரிப்கன் இடைவிடாமல் 2131-வது ஆட்டம் ஆடி சாதனையை உடைத்து முப்பது வருஷம் ஆனதைக் கொண்டாடிய நாள். எதிரே டாட்ஜர்ஸ், வீசியது யமமோட்டோ. ஆறு இன்னிங்ஸ் முடிந்தது, ஓரியோல்ஸ் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. சரி என்று போனை அப்பா பக்கம் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அல்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். முளைக்கீரை நன்றாக இருந்தது. வாழைப்பூ ஒன்று வாங்கினேன். வழியில் தெரிந்தவர் ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அப்பா ஸ்டூலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். போன் அணைந்திருந்தது.

"ஹிட்டே கொடுக்காம முடிச்சுட்டானா?" என்றேன்.

"ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு விக்கெட் போயிடுச்சு" என்றார். அவுட்டை அவர் இன்னும் விக்கெட் என்றுதான் சொல்வார். "இன்னும் ஒரு ஆளு. உன் ஹாலிடே வந்தான். தூக்கி வெளியில அடிச்சான்."

"அப்போ ஒரு ஹிட் வந்துடுச்சு. தோத்தாலும் பரவாயில்ல."

"தோக்கல. அப்புறம் மூணு ரன் எடுத்து 4-3."

நான் கீரைக்கட்டைக் கையில் வைத்தபடியே நின்றேன். "கூப்பிட்டிருக்கலாம் இல்லப்பா, போன்ல?"

"போன் இங்கதானே இருந்துச்சு" என்றார். கீரையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "எவ்வளவு சொன்னான் கட்டு?"